பொங்கோலில் உட்கார ஓர் இடம்

சிங்கப்பூருக்கு வரும் நம்மூர்க்காரர்கள் தேக்காவில் தங்கி, வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, முஸ்தபாவில் பெட்டியை நிரப்பி, செந்தோசாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். லிட்டில் இந்தியா நிலையத்தில் நிற்கும் அதே வடகிழக்குப் பாதை ரயிலில், செந்தோசா பக்கம் போகாமல் எதிர்த்திசையில் ஏறி உட்கார்ந்தால், ஓட்டுநர் இல்லாத அந்த வண்டி அரை மணிக்குள் பொங்கோலில் கொண்டுபோய் விடும். பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டு யாரும் போவதில்லை. அக்கா வீடு அங்கே என்பதால் நான் போனேன். அந்த ஊரில் கிடைத்ததைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கையில் முடிக்க வேண்டிய எழுத்து வேலை இருந்தது. அக்காவின் அரசு அடுக்குமாடி (வீவக) வீட்டில் சாப்பாட்டு மேசைதான் எனக்கு மேசை. பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்தால் அதுவும் போய்விடும். வாடகை மேசை எடுக்க வேண்டுமென்றால் நகருக்குள் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் போகவேண்டும் போலிருக்கிறது என்று நான் இழுத்தபோது அக்கா மகன் சொன்னான்: "எதுக்கு மாமா அவ்வளவு தூரம்? லைப்ரரிக்குப் போங்க. இங்க எல்லாரும் அங்கதான் உக்காந்து வேலை பார்ப்பாங்க."

ஒன் பொங்கோல் என்று ஒரு கட்டடம். ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். சமூக மன்றம், உணவங்காடி நிலையம், நூலகம் எல்லாம் ஒரே வளாகத்தில். அதில் பொங்கோல் வட்டார நூலகம் 2023 ஜனவரியில் திறக்கப்பட்டது, ஐந்து தளங்கள். காலை 10 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடுகிறார்கள். வாசலில் பெயர் எழுத நோட்டு இல்லை, பையை வாங்கி வைக்க ஆள் இல்லை. வெளிநாட்டுக்காரன் நான் நேரே உள்ளே நடந்து, பிளக் பாயின்ட் உள்ள மேசையாகப் பார்த்து உட்கார்ந்தேன். எதிரே தேர்வுக்குப் படிக்கும் ஒரு மாணவி. பக்கத்தில் தலைக்கு மேல் ஹெட்போன் மாட்டிய இளைஞர் இரண்டு திரைகளை விரித்து ஏதோ நிரல் எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரத்தில் ஒரு முதியவர் சீனச் செய்தித்தாளை மடிக்காமல் வாசித்துக்கொண்டிருந்தார். மாத வாடகை கட்டி உட்காரும் இடங்களில் இந்த மூவரையும் சேர்த்துப் பார்க்க முடியாது.

இரண்டாவது தடவை கவனித்தது அங்குள்ள அமைதி அறைகளை. ஆட்டிசம் போன்ற நிலையில் உள்ள குழந்தைகள் சத்தமும் கூட்டமும் தாங்காமல் தவித்தால், ஒதுங்கி ஆசுவாசப்பட அமைத்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே புத்தகங்களும் வசதிகளும் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். பொது இடம் என்றால் யாருக்கெல்லாம் பொது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. தமிழ் நூல்களுக்கும் அலமாரி உண்டு. வேலை அலுத்தால் எழுந்துபோய் ஒரு சிறுகதை வாசித்துவிட்டு வந்தேன்.

தொலைபேசியில் பேச மட்டும் அங்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. எழுத்தை எதிர்பார்த்திருக்கும் ஆசிரியர் சென்னையிலிருந்து அழைத்தால் உணவங்காடி நிலையத்துக்குப் போய்விடுவேன். ஒரு கோப்பி ஓ (பால் சேர்க்காத காபி) வாங்கிக்கொண்டால் தட்டு மோதும் ஓசைக்கு நடுவே எவ்வளவு நேரமும் பேசலாம். மேசையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடிக்கும் சிங்கப்பூர் வழக்கத்தை அங்கேதான் கற்றேன்.

இந்த மண்ணின் பழைய கதை தெரிந்தால் வியப்பு கூடும். பன்றிப் பண்ணை, கோழிப் பண்ணை, மீனவக் கிராமம், கடலோரத்தில் கடலுணவுக் கடைகள். இவ்வளவுதான் பொங்கோல். சிராங்கூன் சாலையில் சொந்தமாக விலங்குகள் வளர்த்த வில்லியம் லாரன்ஸ் சோமா பசாப்பா என்ற இந்திய வம்சாவளி வணிகர், 1928இல் அவற்றை இங்கே கொண்டுவந்து ஒரு விலங்குக்காட்சிசாலை நடத்தினார். போர் நெருங்கியபோது பிரிட்டிஷ் படை இடத்தைக் கேட்டது. விலங்குகளை அப்புறப்படுத்த 24 மணி நேரம்தான் தந்தது. முடியவில்லை, ஆபத்தான விலங்குகளைச் சுட்டுவிட்டார்கள். அதற்குச் சற்றுப் பின், 1942 பிப்ரவரி 28 அன்று, இதே கடற்கரையில் ஜப்பானியர்கள் சீனர்களை நூற்றுக்கணக்கில் நிறுத்திச் சுட்டார்கள். படகுத்துறை அருகே அதற்கு நினைவுக்கல் இருக்கிறது. வேலை முடிந்த ஒரு மாலையில் அங்கே நின்றேன். பக்கத்தில் பிள்ளைகள் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தார்கள்.

புதிய நகரத் திட்டத்தை 1996இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே ஆசியப் பொருளாதார நெருக்கடி வந்து வேலை தேங்கியது. 2003இல் ரயில் வந்தும் சுற்றிலும் பொட்டல்தான் என்று அக்கா வீட்டு அண்டை அயலார் சொல்கிறார்கள். 2007இல் திட்டத்தைப் புதுப்பித்தார்கள். 2011இல் இரு நீர்த்தேக்கங்களை இணைத்து 4.2 கிலோமீட்டர் நீர்வழி வெட்டி, கரையில் நடைபாதை போட்டார்கள். இன்று சுமார் 2 லட்சம் பேர் வசிக்கிறார்கள். 50 ஹெக்டேரில் மின்னிலக்க (டிஜிட்டல்) வட்டாரம் எழுந்து, சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் அங்கே குடியேறி, 2024 டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் ரயில் நிலையமும் திறந்தாயிற்று. காலையில் நகருக்குள் போகும் ரயில் பிதுங்க, வரும் ரயில் காலியாக ஓடுவதைக் குறைக்க வேண்டுமானால் வேலையை வீட்டுப் பக்கம் கொண்டுவர வேண்டும். அலுவலகங்கள் வருவதற்கு முன்பே நூலகத்து மேசைகள் அந்த வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டன என்பது நான் பார்த்தது.

சிங்கப்பூரிடம் பணம் இருக்கிறது, செய்கிறார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் சென்னையில் நாமும் ஆரம்பித்திருக்கிறோம். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100 ரூபாய் கட்டினால் மேசை, இணையம், குளிர்சாதன வசதி எல்லாம் உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் தனிப் பகுதி இருக்கிறது. வீட்டில் மேசை இல்லாத பிள்ளைகள் தாம்பரத்திலும் ஆவடியிலும் இருக்கிறார்கள், திருப்பூரிலும் நாகர்கோவிலிலும் இருக்கிறார்கள். உங்கள் பகுதி மாமன்ற உறுப்பினரை அடுத்த முறை பார்க்கும்போது சாலை, சாக்கடையோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்.