அயலும் அலரும்

சவுக்காரம் விற்பதற்கென்று வளர்ந்த கலையொன்றுண்டு. 1930களில் அமெரிக்க வானொலியில் இல்லத்து மாதர்க்காக நாள்தோறும் ஒலித்த தொடர் நாடகங்களுக்குச் சவுக்காரக் கம்பெனியார் பொருளுதவினர். அதுபற்றியே அவை ‘சோப் ஆபரா’ எனப் பெயர் பெற்றன. விற்பனை நிற்றலாகாது, ஆதலின் கதையும் முடிதலாகாது. 1960இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘காரனேஷன் ஸ்ட்ரீட்’ இன்றும் முடிந்தபாடில்லை. அதன்கண் தலைவன் ஒருவனல்லன். ஒரு தெருவே தலைமை பூண்டுள்ளது.

நம் நாட்டு நெடுந்தொடர்களோ பெரும்பாலும் தெருவை விட்டு வீட்டினுள் புகுந்து தாழிட்டுக்கொண்டன. ‘மெட்டி ஒலி’ (2002–2005) ஒரு தந்தையையும் அவர்தம் ஐந்து பெண்மக்களையும் பற்றியது. பின்வந்தவற்றுள் பலவும் மாமி மருகியர் பூசலே. அவற்றுள் ஒரு பொய் ஓராண்டு வெளிப்படாதிருக்கும். அயல்வீட்டுக்காரி ஒருத்தி இருப்பின் அஃது எங்ஙனம் நிலைக்கும்? யாம் வாழும் குருசுக்குப்பத்தில், மீன்கூடை பெரிய மார்க்கெட்டைச் சேர்வதற்குள் எந்த மறைபொருளும் வெளிப்பட்டுவிடும்.

‘அயல்’ என்னும் சொல் விந்தையானது. பக்கத்தையும் குறிக்கும், அந்நியத்தையும் குறிக்கும். வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘பிறன்’ என்றதனை 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘அடுத்திருப்பவர்’ என்றதும் இவ்விரு பொருளுக்கும் இடைப்பட்ட தடுமாற்றம் போலும். நிற்க. அயலார் வாய்ச்சொல்லை நம் அகப்பொருள் நூலார் இருவகைப்படுத்தினர். அரும்பு நிலையில் அம்பல், மலர்ந்தபின் அலர். அலர் களவை வெளிப்படுத்தி வரைவை விரைவிக்கும் என்பது அவர் கொள்கை. குறளில் அதற்கெனவே ஓர் அதிகாரமுண்டு.

எம் குப்பம் கடற்கரைச் சாலையின் வடமுனைக்கு அப்பால் உள்ளது. 1980களின் பிற்பகுதியில் நகரின் தெற்கே துறைமுகம் கட்டப்பட்டபின், வடக்கு நோக்கி வரும் மணல் தடைப்பட்டுக் கரை தேய்ந்தது, கருங்கற்கள் கொட்டப்பட்டன. படகேற்றவும் வலையுலர்த்தவும் இடம் சுருங்கிற்று. இடம் சுருங்கிய விடத்துப் பூசல் பெருகுமன்றோ?

எம் எதிரே ஒட்டிநிற்கும் இரு வீட்டார் கொண்டும் கொடுத்தும் உறவானவர். ஒரே பைபர் படகிற் பங்குடையோர். எஞ்சின் பழுதுபார்த்த கடனை எவர் இறுப்பதென்று பிணங்கி ஈராண்டு பேச்சொழிந்தனர். ஆயினும் இரவு ஒன்பது மணிக்கு நடுச்சுவரின் இருபுறமும் ஒரே தொடர் ஒலிக்கும். ஒரே வசனத்திற்கு இரு வீட்டு மாதரும் ஒருங்கே அழுவர்.

ஒரு வீட்டுப் பெண், கல்லூரியில் எமக்கு இளையவள், மற்றை வீட்டு மைந்தனொடு பேருந்து நிறுத்தத்தில் நின்று பேசினாள் என்று அம்பல் எழுந்தது. மூன்றாம் நாள் அலராயிற்று. முறைப்படி மணக்கத்தக்கவரே; எனினும் தந்தை அவள் படிப்பை நிறுத்தினார். ஈண்டு யாம் அகப்பொருளாசிரியரொடு மாறுபடுகின்றோம். ஏட்டில் அலர் வரைவுக்கு வழியாகலாம். தெருவிலோ அதன் விலையை முதற்கண் கொடுப்பவள் பெண்ணே. அவள் விரும்பியது வரைவன்று, தேர்வெழுதுதல்.

பன்னிரண்டாம் நாள், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர், இரு வீட்டார்க்கும் ஆயா முறையினர், இரு வாயிலுக்கும் நடுவே கூடையை இறக்கித் தெருவறியக் கேட்டார்: “ஏண்டா, நீ எஞ்சின் கடனுக்குக் கோச்சிக்கிட்டு, அந்தப் புள்ள படிப்பு மேல ஏண்டா காட்டுற? ரெண்டு வூட்டுலயும் ஒரே கதையத்தானடா பாக்குறீங்க?”

விடை கூறுவாரில்லை. அன்றிரவே ஊர்ப் பெரியோர் கூடினர். கடன் இரு கூறாயிற்று. அடுத்த வாரம் அவள் கல்லூரிக்கு வந்தாள்.

ஆடவர் இன்னும் பேசிக்கொள்வதில்லை. சென்ற திங்கள் மற்றை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபட, அவ்வீட்டு மாதர் இவ்வீட்டிற்கு வந்தமர்ந்து தொடர் கண்டனர். உள்ளறையிற் படித்துக்கொண்டிருந்த அப்பெண், ஓசையைக் குறைக்குமாறு இருமுறை கூவினாள்.