அம்பது ரூபாய்க்கு எவ்வளவு தூரம்?

எங்க காலேஜ் பொண்ணுங்க 4×400 ரிலே டீம்ல நாங்க நாலு பேர். ஸ்பைக்ஸ் ஷூ ரெண்டே ஜோடி. முதல் ஆள் ஓடி முடிச்சதும் ஷூவைக் கழட்டி மூணாவது ஆளுக்குக் குடுக்கணும். ரெண்டாவது ஆள் ஒரு ரவுண்டு வர்றதுக்குள்ள அவ அதை மாட்டி லேஸ் கட்டணும். பேட்டனை மாத்துறதைவிட ஷூவை மாத்தத்தான் அதிகம் ப்ராக்டிஸ் பண்ணியிருப்போம்.

காசு கேட்டோம். "அடுத்த வருஷம் பாப்போம்"னு பதில். கூடவே ஒருத்தர், "ரேவதி வெறுங்கால்ல ஓடியே ஒலிம்பிக்ஸ் போகலையா?"ன்னு கேட்டார்.

மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைத்தான் சொன்னார். சின்ன வயசுலயே அப்பா அம்மாவை இழந்தவங்க. கூலி வேலை பார்த்த பாட்டி வளர்த்தாங்க. வெறுங்கால்ல ஓடினது உண்மைதான். ஆனா அதோட கதை முடியலையே. பயிற்சியாளர் கண்ணன் பாட்டிகிட்ட பேசி சம்மதம் வாங்கினார், லேடி டோக் கல்லூரியில இடமும் ஹாஸ்டலும் கிடைக்க வழி பண்ணினார். ஷூவும் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் 2021-ல டோக்கியோ. நாம வெறுங்காலை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டோம்.

சரி, நாமளே வசூல் பண்ணலாம்னு முடிவாச்சு. ஃப்ரெண்ட்ஸ் ஒரு போஸ்டர் போட்டாங்க. என் கிழிஞ்ச ஷூ படம், கீழ "ஏழை மாணவிகளுக்கு உதவுங்கள்". பார்த்ததும் அழுகையும் கோபமும் சேர்ந்து வந்துச்சு. அம்மா வேற, "உண்டியல் தூக்குற அளவுக்கா போயிட்டோம்?"னு கேட்டாங்க. அந்தப் போஸ்டரைத் தூக்குங்க, இல்லன்னா நான் ஓடலைன்னு சொல்லிட்டேன்.

அப்புறம் வந்ததுதான் சிறுமலை ஐடியா. மலைக்குப் போற ரோட்டுல 18 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவு 500 ரூபாய். காசு குடுத்தவங்க பேரைச் சொல்லி அந்த வளைவை நாங்க ஓடுவோம். பிச்சை இல்ல, ஓட்டத்துக்குக் கூலி. சீனியர்ஸ், கேன்டீன் அண்ணன், லேப் அக்கானு 18 வளைவும் ரெண்டே நாள்ல போயிடுச்சு.

காட்டுமாடு நடமாடுற ரோடு. அதனால செக்போஸ்ட்ல சொல்லிட்டு, நல்லா விடிஞ்சப்புறம்தான் கிளம்பினோம். முன்னாடி ஒரு பைக், பின்னாடி ஒரு வேன். நாலு பேரும் மாத்தி மாத்தி ஓடினோம். பத்தாவது வளைவுல தொடை நெருப்பா எரிஞ்சுது. கடைசி வளைவு என்னோடது.

மேல மலை வாழைப்பழம் விக்கிற பாட்டி, "எதுக்குத் தாயி இப்படி ஓடியாறீக?"ன்னாங்க. சொன்னோம். பையில இருந்த பழைய ஸ்பைக்ஸை வாங்கி, அடியில இருந்த ஊசியை விரலால அழுத்திப் பார்த்தாங்க. "இது கால்ல குத்தாதா?" "குத்தாது பாட்டி, தரையைத்தான் குத்தும்." சுருக்குப்பையைத் திறந்து, "அம்பது ரூபாய்க்கு எவ்வளவு தூரம் ஓடுவ?"ன்னு கேட்டாங்க.

எனக்கு உடனே பதில் வரல. திரும்பிப்போய் இன்னொரு நூறடி ஓடிக் காட்டிட்டு வந்தேன். பாட்டி கணக்கா எண்ணி எங்க நாலு பேருக்கும் ஆளுக்கொரு பழம் குடுத்தாங்க.

மொத்தம் 9,050 ரூபாய். நாலு ஜோடிக்கு 8,000 ஆச்சு, மீதி பஸ் செலவுக்கு. கணக்கை நோட்டீஸ் போர்டுல ஒட்டினோம். சோனல் மீட்ல நாலாவதா வந்தோம். மெடல் இல்ல. ஆனா யாரும் ஷூவைக் கழட்டிக்கிட்டு ஓட வேண்டியிருக்கல.

இந்த வருஷமும் சிறுமலை ஓடலாமான்னு ஜூனியர்ஸ் கேக்குறாங்க. ஆசைக்கு ஓடலாம். ஷூவுக்காக ஓடக்கூடாது. விளையாட்டு வீரர்களுக்கு உதவ 2023-ல அரசே தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை ஆரம்பிச்சிருக்கு. பொதுமக்களும் அதுக்கு நிதி குடுக்கலாம். அது பெரிய அளவுல. நம்ம அளவுல, பசங்க கிரிக்கெட் கிட்டுக்கு வருஷா வருஷம் ஒதுக்குற மாதிரி எங்களுக்கும் பட்ஜெட்ல ஒரு வரி வேணும். லெட்டர் எழுதி வெச்சிருக்கேன். கையெழுத்துப் போட வாங்க.