தேறல்

போர்பன் விஸ்கிப் புட்டியின் பின்பக்கத்தில், கண்ணை இடுக்கிப் படிக்கவேண்டிய எழுத்தில் "8 மாதம்" என்றிருந்தது. முன்பக்கத்தில் வயதைப் பற்றிப் பேச்சே இல்லை. கென்டக்கியில், லூயிவில் நகரத்தில், தம்பி வீட்டுச் சமையலறை மேசையில் அதைத் திறந்தோம். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஆறு வருடப் போர்பன் ஒன்று. தம்பி குடிப்பது கொஞ்சம்தான், குறித்துவைப்பதுதான் அதிகம். கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு புட்டிக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவான். ஒரு மிடறு வாயில் வைத்தான். "இது தேறாதுக்கா" என்று 3 போட்டான்.

எனக்கு விஸ்கியை விட்டுவிட்டு அந்தச் சொல்லின் பின்னால் மனசு போய்விட்டது. மதுவுக்கு நம்மிடம் இருக்கும் பழைய பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது தேறல். தேறுவது என்றால் தெளிவது. மண்டி அடியில் தங்கி, மேலே தெளிந்து நிற்பது தேறல். காய்ச்சலில் கிடந்தவர் தேறுகிறார், பரீட்சை எழுதிய பிள்ளை தேறுகிறது. ஒருவரை நம்புவதையும் வள்ளுவர் தேறுதல் என்றே சொல்கிறார். ஒரு மதுவின் பெயருக்குள் தெளிவு, உடல்நலம், தகுதி, நம்பிக்கை எல்லாம் அடங்கியிருப்பதை நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது. புறநானூற்றில் ஔவையார் பாட்டொன்றில் நாள்பட்ட தேறல் வருகிறது. அதன் கடுப்பைத் தேள் கொட்டியதற்கு ஒப்பிடுகிறார். நாளாக ஆகக் கடுப்பு ஏறும் மது அது. போர்பனில் எல்லாம் தலைகீழ். நாளாக ஆகக் கடுப்பு அடங்கும். தண்ணீர்போலத் தெளிந்திருப்பது அன்றைக்குப் பிறந்த சாராயம், நிறம் ஏறியதுதான் தேறியது.

அந்தப் பிறந்த சாராயத்தை முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். பிராங்க்ஃபர்ட்டில், கென்டக்கி ஆற்றங்கரையில் இருக்கும் பஃபலோ டிரேஸ் டிஸ்டில்லரியில். பீப்பாய்க்குள் போகாத அந்தச் சாராயத்துக்கு அங்கே 'வெள்ளை நாய்' என்று பெயர். சுற்றிக்காட்டியவர் கையை நீட்டச் சொல்லி உள்ளங்கையில் சில துளிகள் விட்டார். தேய்த்தேன். முதலில் கண்ணைக் கரிக்கும் நெடி. தேய்க்கத் தேய்க்க உள்ளங்கை சில்லிட்டு, நெடி பறந்துபோனது. "இப்போது முகருங்கள்" என்றார். இரண்டு கையையும் குவித்து முகத்தருகே கொண்டுபோனேன். மக்காச்சோளம். வெந்த கதிரைப் பானையிலிருந்து எடுத்துத் தோகையை உரிக்கிறபோது முகத்தில் அடிக்குமே ஓர் ஆவி, அது. அதற்கடியில் முந்தின நாள் அரைத்து வைத்த மாவின் புளிப்பு. வயலும் அடுப்பும் அந்தச் சில துளிக்குள் இருந்தன. வீடு திரும்பும்வரை கை கழுவ மனம் வரவில்லை.

அந்த வாசனையோடுதான் எட்டு மாதப் போர்பனிடம் வந்தேன். என் ஏமாற்றத்துக்கும் அதுதான் காரணம். நிறம் ஆறு வருடத்தைவிட அடர்த்தி. மூக்கில் வைத்தால் இழைப்புளி தள்ளிய பச்சைப் பலகை. நாக்கில் முதலில் ஒரு தித்திப்பு, உடனே நுனி நாக்கில் எரிச்சல், பிறகு வாழைப்பூவை நறுக்கிய விரலைச் சப்பியதுபோல் நெடுநேரம் துவர்ப்பு. சோளத்தைக் காணவில்லை.

காரணம் பீப்பாய். போர்பனுக்கு வழக்கமான பீப்பாய் 53 காலன், ஏறக்குறைய 200 லிட்டர். சீக்கிரம் விற்க நினைப்பவர்கள் 5 காலன் பீப்பாயில் ஊற்றுகிறார்கள். சின்னப் பீப்பாயில் ஒவ்வொரு லிட்டருக்கும் மரம் அதிகம் படும். நிறமும் துவர்ப்பும் சில மாதத்தில் இறங்கிவிடும். ஆனால் மரத்தின் வழியே காற்று கசிந்து உள்ளே வருவதும், கோடையில் சாராயம் மரத்துக்குள் ஏறிக் குளிரில் இறங்கி வருவதும், காரம் மெல்லப் பழவாசனையாக மாறுவதும் வருடக்கணக்கு வேலை. பீப்பாயைச் சின்னதாக்கினால் வருடம் சின்னதாகாது. கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம்போல, தோல் மஞ்சள், உள்ளே புளிப்பு.

பழசு வேஷம் இங்கே பழைய சங்கதி. 19ஆம் நூற்றாண்டில் சாராயத்தை வாங்கிப் புகையிலையையும் இன்னும் எதையெதையோ கலந்து, நிறமேற்றி, பழைய விஸ்கி என்று விற்றவர்கள் உண்டு. அதைத் தடுக்கத்தான் 1897இல் சட்டம் வந்தது: ஒரே டிஸ்டில்லரியில் ஒரே பருவத்தில் வடித்து, அரசின் காவலில் நான்கு வருடம் வைத்திருந்தால்தான் முத்திரை. அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவரான எட்மண்ட் டெய்லர், முந்தின நாள் நான் கையை நீட்டி நின்ற அதே இடத்தில் ஆலை நடத்தியவர். இன்றைக்கும் போர்பனில் நிறம் சேர்க்கக்கூடாது. குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் வேண்டும், உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாய் வேண்டும். இத்தனை நாள் இருக்கவேண்டும் என்று மட்டும் இல்லை. 'ஸ்ட்ரெய்ட்' என்று போட்டுக்கொள்ளத்தான் இரண்டு வருடம். நான்கு வருடத்துக்குக் கீழே என்றால் வயதை எழுதியே ஆகவேண்டும். அந்தப் பின்பக்கத்து எழுத்து அப்படி வந்ததுதான்.

"சின்ன வயசுன்னு மார்க்கைக் குறைக்காதேடா" என்றேன். "வயசை மறைச்சதுக்குக் குறை."

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா?"

ஒன்றில்லை. இளசு என்றால் தானியம் பேசவேண்டும். பத்து, பன்னிரண்டு வருடப் போர்பனில் வெனிலாவும் கருகிய சர்க்கரையும் சேர்ந்து சோளத்தை மூடிவிடுகின்றன. விளைந்த நிலத்தை நாக்கு தொடுவதற்கு இளமை ஒன்றுதான் வாய்ப்பு. அதைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம். பெரிய பீப்பாயில் போட்டு, வெளிறிய வைக்கோல் நிறத்திலேயே எட்டு மாதத்தில் எடுத்திருந்தால் நான் 7 போட்டிருப்பேன். இதை அவனிடம் அரைமணி நேரம் சொன்னேன். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே தூங்கப் போனான்.

காலையில் கோப்பைகள் மேசையிலேயே இருந்தன. அடியில் ஒட்டியிருந்ததும் காய்ந்துவிட்டது. ஆறு வருடக் கோப்பையில் காய்ச்சிய வெல்லமும் புகையும். மற்றதை எடுத்தேன். பலகை வாசனை இல்லை, நெடி இல்லை. மெல்லிசாக, காய்ந்த தோகைபோல ஏதோ இருந்தது. தம்பியைக் கூப்பிட்டு மூக்கருகே நீட்டினேன். கண்ணை மூடி நெடுநேரம் முகர்ந்தான். பிறகு நோட்டைத் திறந்தான். 3ஐ அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் "சோளம்" என்று எழுதினான்.