கொட்டானுக்கு என்ன விலை?

செட்டிநாட்டு ஆச்சிமார்கள் கொட்டான் என்னும் ஓலைக்கூடையை விற்பதற்கென்று பின்னியதில்லை. தொழிலுக்காகக் கொண்டுவிக்கப் போன ஆண்கள் பர்மாவிலும் மலாயாவிலும் வருடக்கணக்கில் தங்கிவிட, பெரிய வீடுகளின் வளவுகளில் மதியப் பொழுதுகள் நீண்டு கிடந்தன. கைக்கு ஒரு வேலையாகப் பனங்குருத்தில் கூடை பின்னினார்கள். மேலே குரோஷே பின்னல், பாசிமணி என்று அவரவர் கைவண்ணத்தைச் சேர்த்தார்கள். கல்யாணச் சீரில் அடுக்கினார்கள், பலகாரம் போட்டு உறவுக்குக் கொடுத்தார்கள். விலை என்ற பேச்சே அங்கே எழவில்லை.

இன்று கொட்டான் பின்னுகிறவர்களில் பெரும்பாலோர் காரைக்குடியைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள். கிட்டத்தட்ட மறைந்துபோன இந்த வேலையை மீட்டதில் விசாலாட்சி ராமசாமி 2000-இல் தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளைக்குப் பெரும் பங்கு உண்டு. ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதை ஒரு வருமானமாக ஆக்கியது அந்த அறக்கட்டளை. பிறகு செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு பெயரைக் காப்பாற்றும். கூலியை அது நிர்ணயிக்காது. அதனால்தான், வீட்டோடு செய்துவந்த வேலை தொழிலாகும்போது எங்கே இடறுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்கப் போனேன்.

நான் போன வீட்டுத் திண்ணையில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஈரத்துணி போட்டு மூடிய ஓலைக்கட்டு. குருத்து வந்ததும் விரித்து வெயிலில் காயவைக்கிறார்கள். ஈர்க்கை எடுத்துவிட்டு, ஓலையை ஒரே அகலத்தில் நீளநீளமாகக் கிழிக்கிறார்கள். கொதிக்கும் சாயத்தில் முக்கி, நிழலில் உலர்த்துகிறார்கள். ராணி கலரும் கிளிப்பச்சையும்தான் அதிகம் கேட்கிறார்களாம். ஓலை நன்றாகக் காய்ந்துவிட்டால் மடிக்கும்போது ஒடிந்துவிடும். அதற்குத்தான் அந்த ஈரத்துணி.

மூத்தவர் அடி போட்டார். ஓலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சதுரமாயின. அதுவரை பேசிக்கொண்டே பின்னியவர் மூலை திருப்பும் இடத்தில் பேச்சை நிறுத்தினார். இடது கட்டைவிரலால் மூலையை அழுத்திப் பிடித்து, இரண்டு ஓலைகளை எதிரெதிராக இழுத்து மடித்தார். ஒரு நூல் பிசகினாலும் கூடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கடைக்காரர் முதலில் பார்ப்பது மூலையைத்தான் என்றார். நான்கு மூலையும் நிமிர்ந்த பிறகுதான் மறுபடி பேச்சு வந்தது.

விலையைப் பற்றிக் கேட்டேன். “ஆரம்பத்துல இந்த அளவு கொட்டான நூறு ரூபாய்க்குக் குடுத்தேன் தம்பி. ஓலை, சாயம் போக அறுபது நின்னுச்சு. லாபந்தானேன்னு இருந்தேன்” என்றார்.

“ஒண்ணு பின்ன எவ்வளவு நேரமாகும்க்கா?”

“மேல்வேலையெல்லாம் சேத்தா அஞ்சு மணி நேரம்.”

அப்படியானால் மணிக்குப் பன்னிரண்டு ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. அந்தக் கணக்கில் பார்த்தால் கைக்கூலி மட்டுமே 210 ரூபாய் ஆகிறது. பொருள் செலவோடு 250. நூறு ரூபாய் வாங்கியபோது, ஒவ்வொரு கொட்டானுக்கும் தன் கையிலிருந்து 150 ரூபாய் வைத்துக் கொடுத்திருக்கிறார். அது அவருக்கு நஷ்டமாகத் தெரியவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே என்று நினைத்திருந்தார். ‘சும்மா இருக்கிற நேரம்’ என்று யாரும் ஒரு கொத்தனாரிடம் சொல்வதில்லை. பெண்கள் வீட்டிலிருந்து செய்யும் எந்த வேலைக்கும், தையலானாலும் ஊறுகாயானாலும், இந்தப் பேச்சுதான் முதல் எதிரி. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வருகிறது.

கணக்கு நோட்டு வைத்தது அவருடைய மருமகள். ஓலை, சாயம், நேரம், கழிவு, பஸ் செலவு என்று கோடு போட்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் சரக்கைப் பிரித்திருக்கிறார்கள். மேல்வேலை இல்லாத சின்னக் கொட்டான் ஒரு மணி நேரத்தில் முடிகிறது, அது தாம்பூலத்துக்கு. குரோஷே வைத்த பெரியது சீருக்கு. தாம்பூலப் பை சில ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும்போது சின்னதில் அதிகம் விலை சொல்ல முடியாது. அதனால் எண்ணிக்கையில் சமாளிக்கிறார்கள். ஒரு முறை ஒரு கல்யாண வீட்டார் கடைசி நேரத்தில் நிறத்தை மாற்றிவிட, பின்னிய கூடைகள் தேங்கிவிட்டன. அதிலிருந்து மாதிரி காட்டி, பாதிப் பணம் முன்பணமாக வாங்கிய பிறகே அடி போடுகிறார்கள்.

பருவம்தான் இன்னும் கைக்கு அடங்கவில்லை. தை பிறந்தால் முகூர்த்தம் வரிசையாக வரும். அதற்கான சரக்கை ஐப்பசி, கார்த்திகையிலேயே பின்னிவைக்க வேண்டும். அப்போதுதான் அடைமழை. ஓலை காயாது, காய்ந்தாலும் பூசணம் பிடிக்கும், வெளிர் நிறத்தில் கறுப்புப் புள்ளி விழும். வெயில் காலத்திலேயே ஓலையைக் காயவைத்துச் சேர்த்துவைக்கலாம். அதற்குக் கையில் பணம் வேண்டும், நனையாத இடமும் வேண்டும். மகளிர் குழுவில் வாங்கும் கடன் இதற்கு உதவுகிறது என்றார்கள். இது போன்ற கடன்தான் எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது. இயந்திரம் வாங்கச் சொல்லித் தள்ளுகிற கடன் இங்கே எதற்கும் உதவாது. இன்னொரு தட்டுப்பாடு மரமேறுகிறவர்கள். பனை இருக்கிறது, ஏற ஆள் குறைவு. மரத்தைக் கெடுக்காமல் அளவோடு குருத்தெடுக்கத் தெரிந்தவர்கள் அதிலும் குறைவு. மரமேறுகிறவருக்குக் கொடுக்கும் கூலியையும் நோட்டில் தனிக் கோடாக மருமகள் எழுதிவைத்திருக்கிறார்.

நான் இருக்கும்போதே ஒரு கல்யாண வீட்டிலிருந்து போன் வந்தது. மருமகள் பேசினார். பெரிய கொட்டான் 250 என்றதும் எதிர்முனையில் பேரம் தொடங்கியது. “மேல குரோஷே வேலை வேணாம்னா குறைச்சுத் தர்றேங்க. அதே வேலைக்குக் கூலி குறைக்க முடியாதுங்க” என்றார். கொஞ்ச நேரம் பேச்சு இழுத்தது. முடிவில் சீருக்குப் பெரியது பத்தும், தாம்பூலத்துக்குச் சின்னது நூறும் பேசி முடித்தார்கள். போனை வைத்தவர் நோட்டில் தேதியைக் குறித்துக்கொண்டு, “நாளைக்கே குருத்துக்குச் சொல்லணும் அத்தே” என்றார்.