மூன்று அதிகாரக் கணக்கு

ஓய்வு பெற்றவர்களுக்குக் காலை ஐந்து மணி என்பது ஒரு தொல்லை. தூக்கம் போய்விடும்; போவதற்கு ஆபீஸ் இருக்காது. எங்கள் சிட்லபாக்கம் வீட்டில் அந்த நேரத்தை நான் வேதம் வாசிக்க ஒதுக்கியிருந்தேன்.

பழக்கம் வேலையில் இருந்தபோதே தொடங்கியது. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் கடற்கரை நிலையம் வரும்வரை வாசிப்பேன். வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். வார நாட்களில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். நானோ கணக்குப் பிரிவில் இருந்தவன். வாசித்த அதிகாரத்துக்கு எதிரே பென்சிலால் ஒரு டிக் போடுவேன். லேவியராகமத்தின் 27 அதிகாரங்களையும் ஒன்பதே நாளில் தாண்டிவிடுவேன். பத்தொன்பது முறை முடித்தவன் என்று சபையில் சொல்லிக்கொள்வதில் பெருமை வேறு.

சில வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபரில் கண்புரை ஆபரேஷன். புதுக் கண்ணாடி போட ஒரு மாதம் ஆகும் என்றார் டாக்டர். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தது. டிக் விட்டுப்போகுமே என்பதுதான் என் கவலை.

"நான் வாசிக்கிறேன், நீங்க கேளுங்க" என்றாள் மனைவி.

அன்றைய பங்கு மத்தேயு 5, 6, 7. மலைப்பிரசங்கம். 111 வசனங்கள், எனக்குக் கால் மணி நேர வேலை. அவளோ நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவன் அங்கே தன் சகோதரனை நினைத்துக்கொள்ளும் இடம் வந்தது. வாசித்தாள். மறுபடியும் அதையே வாசித்தாள்.

"ஏன் நின்னுட்டே?"

"இல்லங்க, நமக்குத் தம்பி மேல குறை இருந்தா அப்படின்னு இதுல போடலை. தம்பிக்கு நம்ம மேல குறை இருந்தா அப்படின்னுதான் போட்டிருக்கு."

அன்று அதற்குமேல் வாசிக்கவில்லை.

என் தம்பி மெஞ்ஞானபுரம் பக்கம் ஊரிலேயே இருக்கிறான். அப்பாவின் பனங்காட்டைப் பிரித்தபோது வரப்புத் தகராறு. 'கணக்கைக் காட்டு, நீ தின்னதெல்லாம் வெளியே வரும்' என்று சொந்தக்காரர்கள் மத்தியில் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்றும் குழிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். பதினோரு வருடங்களாகக் குறை என்னுடையது என்றே நினைத்திருந்தேன். அந்த அதிகாரத்துக்கு வருடம் தவறாமல் டிக்கும் போட்டிருந்தேன்.

யாருக்கு யார் மேல் குறை என்பதைத் தமிழில் சரியாக வைக்க முன்னோர்கள் எவ்வளவு யோசித்திருப்பார்கள்! தரங்கம்பாடியில் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கியது 1708-ல். முடித்தது 1711-ல். அச்சாகி வந்தது 1715-ல். பின்னால் வேப்பேரியில் இருந்த பப்ரிசியஸ் பல ஆண்டுகள் உழைத்தார். அவருடைய பழைய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது 1796-ல், அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து. அவர்கள் பொறுமையாகச் செய்ததை நான் பல்லாவரத்துக்கும் கிண்டிக்கும் நடுவே விழுங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் இழுத்தடித்தேன். மூன்றாம் நாள் மாலை, நல்ல மழை. மனைவியே நம்பரைப் போட்டுப் போனைக் கையில் தந்தாள்.

"அண்ணே... கண்ணு ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் மனைவியும் தம்பி மனைவியும் இத்தனை வருடமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்!

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிப் பேசுனது தப்புடே" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இங்க இன்னும் மழை இல்லண்ணே. மதினி நல்லா இருக்காவளா?" என்றான்.

வரப்பு இன்னும் அளக்கவில்லை. சர்வேயரைக் கூப்பிட வேண்டும் என்று இருவருமே சொல்லிக்கொண்டிருக்கிறோம். என்ன அவசரம்?

கண்ணாடி வந்துவிட்டது. ஆனாலும் காலையில் அவள்தான் வாசிக்கிறாள், ஒரு நாளைக்குப் பத்து வசனம். வேதாகமத்தில் 31,000-க்கும் மேல் வசனங்கள். இந்த வேகத்தில் முடிக்க எட்டரை வருடம் ஆகும். எனக்கு வயது எழுபத்து மூன்று. கணக்கு இடிக்கத்தான் செய்கிறது. பென்சிலை மட்டும் பேரனிடம் கொடுத்துவிட்டேன்.