அப்பா எண்ணிய எண்ணிக்கை

என் அப்பா மிலிட்டரிக்காரர். வேலூர்ப் பக்கத்தில் எங்கள் கிராமம். அங்கே பட்டாளத்துக்கு ஆள் போகாத வீடு அபூர்வம். அப்பா குன்னூரை அடுத்த வெலிங்டனில் பயிற்சி எடுத்து, மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். 1971 டிசம்பர் யுத்தத்தின்போது மேற்கு எல்லையில் இருந்தார். 1985-ல் பென்ஷனோடு ஊர் திரும்பியபோது எனக்கு ஆறு வயது.

காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் போர்வையை மூலைக்கு மூலை சரியாக மடிக்க வேண்டும். கோணலாக இருந்தால் மறுபடி மடிக்கச் சொல்வார். "சண்டையில எத்தனை பேரைச் சுட்டீங்கப்பா?" என்று தம்பி கேட்டால், பதில் சொல்லாமல் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

கூடத்தில் நாங்கள் நாலு பேரும் வரிசையாகப் படுத்திருப்போம். ராத்திரி இரண்டு மணி வாக்கில் அப்பா டார்ச் விளக்கோடு வந்து, ஒவ்வொருவர் காலையும் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணுவார். நாங்கள் தூங்குவது போலப் பாசாங்கு செய்து, போர்வைக்குள் சிரிப்போம்.

ஒருநாள் தம்பி விளையாட்டாகக் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். எண்ணிக்கை மூன்றோடு நின்றது. அப்பா கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து நடுங்கினார். "இங்கதாம்ப்பா இருக்கேன்" என்று தம்பி ஓடிவந்து கட்டிக்கொண்ட பிறகும் அந்த நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் அம்மா அடுப்படியில் வைத்துச் சொன்னாள்: "சண்டையப்போ தினம் ராத்திரி ஆள் எண்ணுவாங்களாம். ஒருநாள் அப்பா எண்ணினப்போ ஒரு ஆள் குறைஞ்சுதாம். கூடவே பட்டாளத்துல சேர்ந்த சிநேகிதராம். இனிமே இப்படி விளையாடாதீங்கடி."

அதன்பிறகு நாங்கள் சிரிக்கவில்லை. அப்பா கை பட்டதும் காலை லேசாக அசைப்போம்.

யுத்தம் போன்ற பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு தூக்கம் கெடுவதும், திடுக்கிடுவதும், கெட்ட கனவும், கோபமும் பல வருஷம் நீடிக்கலாம். அதற்குச் சிகிச்சையும் உண்டு என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். அன்று ஊரில் அவரை 'முசுடு' என்றார்கள். கோபம் வந்தால் நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

முன்னாள் படைவீரர்களுக்கென்று 2003-ல் மருத்துவத் திட்டம் ஒன்று வந்தது. அதில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போன அப்பாவிடம், "ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டாராம். அப்பா அழுதுவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேலாக யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை, நாங்கள் உட்பட.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் தூங்காமல் தவிக்கிறவர், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறவர் யாராவது இருந்தால், பதிலுக்குப் பேசுமுன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.