பெட்டியின் அகலம்

ஒரு பெட்டியின் அகலம் எவ்வளவு என்ற வினா மிக எளியதாகத் தோன்றும். ஆயினும் இணையப் பக்கங்களை அமைப்போர் இவ்வினாவுடன் பல ஆண்டுகள் போராட நேர்ந்தது.

எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி முதலியவற்றை உலாவிகளுக்கு உணர்த்தும் சி.எஸ்.எஸ். விதிகளின் முதற்பதிப்பு 1996 டிசம்பரில் வெளிவந்தது. அதன்படி, அகலம் என்பது உள்ளடக்கத்தின் அகலம் மாத்திரமே. 100 பிக்சல் அகலம் குறிக்கப்பட்ட பெட்டிக்கு இருபுறமும் 10 பிக்சல் உள்வெளியும் 5 பிக்சல் கரையும் இடின், அது திரையில் 130 பிக்சல்களைப் பிடிக்கும். விண்டோஸ் கணினிகளில் இயங்கிய இன்ரநெற் எக்ஸ்புளோரரின் 5ஆம் பதிப்போ, உள்வெளியையும் கரையையும் அந்த 100க்குள்ளேயே அடக்கியது; எழுத்துக்கு 70 பிக்சல்களே எஞ்சின. இதனால் ஓர் உலாவியில் ஒழுங்காக நின்ற பக்கம் மற்றொன்றில் குலைந்தது.

சிலர், குறித்த ஓர் உலாவியிலேயே பக்கத்தைப் பார்க்குமாறு எழுதிவைத்தனர். நூலகத்துக் கணினியில் வேறு உலாவி இல்லாத வாசகனுக்கு அவ்வாக்கியம் கதவடைப்பேயாகும். வேறு சிலர், அவ்வுலாவி பிழையாக வாசிக்கும் ஒரு வரியைத் தெரிந்தெடுத்து, அதன் பின்னே சரியான அளவை மறைத்துவைத்தனர். அத்தந்திரம் அன்றைய அவசரத்துக்கு உதவியது. எனினும், உலாவி திருத்தப்படும் நாளில் அதுவே புதிய பிழைக்கு வித்தாகலாம்.

உலாவியைத் திருத்துவதும் இலகுவாக இருக்கவில்லை. பழைய வாசிப்பை நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். 2000ஆம் ஆண்டில் மக்கின்ரோஷ் கணினிகளுக்கான எக்ஸ்புளோரர் ஒரு வழி காட்டியது. பக்கத்தின் தொடக்கத்தில் உரிய ஆவணவகை அறிவிப்பு இருப்பின் பொது விதிப்படியும், இல்லையேல் பழைய வழக்கப்படியும் அது வாசித்தது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்புளோரர் 6 இம்முறையைக் கைக்கொண்டு பெட்டியின் கணக்கையும் திருத்தியது.

எனினும், கைவிடப்பட்ட கணக்கு வேறொரு வகையில் மீண்டமை மனங்கொள்ளத்தக்கது. ஐம்பது சதவீத அகலமுள்ள இரு பெட்டிகளை அருகருகே மிதக்கவிட்டு, ஒன்றுக்குக் கரையிட்டால், இரண்டாவது பெட்டி கீழே இறங்கிவிடும். கரையையும் உள்ளடக்கி அளப்பதே இவ்விடத்தில் வசதியானது. எனவே, எவ்வாறு அளப்பது என்பதை எழுதுவோரே தெரிவுசெய்யும் 'பொக்ஸ்-சைசிங்' என்ற பண்பு பிற்காலத்தில் சி.எஸ்.எஸ்.இல் இடம்பெற்றது. எக்ஸ்புளோரரின் பழைய கணக்கையே இன்று பல பக்கங்கள் தம் முதல் வரிகளில் விரும்பிக் கேட்கின்றன.

ஆதலின், அக்கணக்கில் இயல்பாகவே குற்றம் இருந்ததெனக் கொள்ளல் பொருந்தாது. பொது உடன்பாட்டை ஓர் உலாவி தனித்து மீறியமையே இடரை விளைவித்தது. அதே கணக்கு, எழுதுவோன் வெளிப்படையாகச் சொல்லவும் எல்லா உலாவிகளும் ஒருமித்து விளங்கிக்கொள்ளவும் கூடிய விதியானபோது பயனுடையதாயிற்று. கணினித் திரையிலும், சொல்லின் பொருளை நிலைநிறுத்துவது கேட்போர் அனைவரதும் இசைவேயாகும்.